பேனா ஆடுகிறதா, கரண்ட் ஆடுகிறதா?

வாசகர் கேள்வி – பதில்: டிஜிட்டல் பேனாவும் வரைபலகையும்

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பென் டேப்லெட் (கணினியோடு இணைத்து, பேனாவால் வரையும் பலகை) பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

பள்ளி ஓவிய ஆசிரியை, குன்னூர்: பென் டேப்லெட்டில் சாய்கோடு போட்டால் பாம்பு மாதிரி நெளிகிறது. லேப்டாப் சார்ஜில் இருக்கும்போது இன்னும் மோசம். கடைக்காரர் பேனாவை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள், டீச்சர். நெளிவில் இரண்டு வகை உண்டு. எது உங்களுடையது என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை (எஃகு ஸ்கேல் கூடாது) பலகை மேல் 45 பாகை சாய்வாக வைத்து, பத்து விநாடி எடுத்துக்கொண்டு மெதுவாக ஒரு கோடு இழுங்கள். பிறகு அதே கோட்டை ஒரே வீச்சில் இழுங்கள். மெதுவாக இழுத்ததில் மட்டும் சம இடைவெளியில் அலை அலையாக நெளிவு வந்தால் அது பலகையின் பிறவிக் குணம். பலகைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிச் சுற்றுகள் ஓடுகின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி. பெட்டியில் 'அங்குலத்துக்கு 5080 கோடுகள்' என்று அச்சிட்டிருப்பது அந்தக் கம்பிகளின் எண்ணிக்கை அல்ல. அக்கம்பக்கத்துச் சுற்றுகளில் கிடைக்கும் சிக்னலின் வலிமையை ஒப்பிட்டு, பேனா நடுவில் எங்கே நிற்கிறது என்று சில்லு கணக்குப் போட்டு எடுக்கும் எண் அது. அந்தக் கணக்கில் விழும் சிறு பிழைதான் சீரான அலையாகத் தெரிகிறது. புதுப் பேனா வாங்கினாலும் போகாது. கிரிட்டா போன்ற வரையும் மென்பொருளில் ஸ்டெபிலைசரை (கோட்டின் நடுக்கத்தைச் சீராக்கும் வசதி) போட்டுக்கொண்டு, கோட்டைக் கொஞ்சம் வேகமாக இழுக்கப் பழகுவதே வழி.

இரண்டாவது சோதனை: மணிக்கட்டை ஒரு நோட்டுப் புத்தகத்தின் மேல் அசையாமல் ஊன்றி, பேனா முனையைப் பலகைக்கு 5 மி.மீ. மேலே பிடியுங்கள். கர்சர் தானாகத் துடித்தால் அது வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல். இந்த வரிசையில் ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள்: முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். அடுத்து, காந்தம் வைத்த உறை போட்ட செல்போனையும் ஸ்பீக்கரையும் ஒரு முழம் தள்ளி வையுங்கள். இரும்பு மேசையானால் பலகைக்கு அடியில் 3 செ.மீ. உயரத்துக்குப் புத்தகம் கொடுங்கள். கடைசியாக யூ.எஸ்.பி. ஹப்பை விட்டுவிட்டு லேப்டாப்பிலேயே நேரடியாகச் செருகுங்கள்.

சார்ஜரைப் பிடுங்கியதும் துடிப்பு நின்றுவிடும் என்றே நினைக்கிறோம். சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பின் உலோக விளிம்பைத் தடவினால் விரலில் சுருசுருவென்று இருக்குமே, அதுவும் இதுவும் ஒரே நோய். சார்ஜருக்குள் இரைச்சலை வடிக்க வைத்திருக்கும் கெபாசிட்டர், எர்த் இல்லாதபோது மிகச் சிறிய மின்னோட்டத்தை லேப்டாப் உடலுக்கே அனுப்புகிறது. மூன்று பின் சார்ஜரை, எர்த் உள்ள பாயிண்ட்டில் செருக வேண்டும். பழைய எஸ்டேட் குடியிருப்புகளில் மூன்று துளை பாயிண்ட் இருக்கும். எர்த் கம்பி மட்டும் எங்கேயும் போய்ச் சேர்ந்திருக்காது. வயர்மேனை அழைத்து மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் காட்டினால், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். மிகக் குறைவாகக் காட்டினால் எர்த் செத்திருக்கிறது. பேனாவுக்குக் கொடுக்கவிருந்த காசை வயர்மேனுக்குக் கொடுங்கள்.

கல்லூரி மாணவர், பண்ணைக்காடு: கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது. 8192 அழுத்தப் படி உள்ளதை வாங்கவா, 16384 உள்ளதை வாங்கவா?

பேனாவின் அழுத்தத்தை எத்தனை படியாகப் பிரித்து அறியும் என்பதே அந்த எண்; அதைப் பார்க்காமல் வாங்குங்கள் தம்பி. பேனா தாங்கும் உச்ச அழுத்தம் 400 கிராம் என்று வைத்துக்கொண்டால், 8192 படியில் ஒரு படிக்கு 0.05 கிராம். எந்தக் கைக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. 1 பிக்சலிலிருந்து 40 பிக்சல் வரை தடிக்கும் கோட்டுக்குச் சில நூறு படிகளே தாராளம்.

கேட்க வேண்டியது வேறு: கோடு விழத் தொடங்க எத்தனை கிராம் அழுத்தம் தேவை? நல்ல பேனாவுக்கு ஒன்றிரண்டு கிராம் போதும். கடையிலேயே பார்க்கலாம். பேனாவின் வாலை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, அதன் சொந்த எடையிலேயே இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் நல்லது. அழுத்தினால்தான் விழும் என்றால் பென்சில் நிழல் போடும்போது மணிக்கட்டு வலிக்கும். அடுத்து, மாற்று முனைகள் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். மூன்றாவது, பேனாவுக்கு பேட்டரி கூடாது.

வாங்கி வந்ததும் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று. 'ஒன் பை வாகம்' சிறிய பலகையின் வரைபரப்பு 152 × 95 மி.மீ.; அதாவது 16:10. உங்கள் திரை 1920 × 1080, அதாவது 16:9. அப்படியே விட்டால் கையால் 50 மி.மீ. வட்டம் போட்டால் திரையில் 632 × 568 பிக்சல் முட்டை வரும். டிரைவர் (பலகையைக் கணினியோடு பேசவைக்கும் நிரல்) அமைப்பில் விகிதத்தைப் பூட்டும் கட்டத்தைத் தட்டினால், உயரத்தில் 85.5 மி.மீ. மட்டும் பயன்படும், வட்டம் வட்டமாகும். இதைச் செய்யாமல் ஆறு மாதம் பழகியவர்களுக்குக் கை கோணலாகவே பழகிவிடுகிறது, பிறகு திருத்துவது பெரும் பாடு.

அதே ஊரிலிருந்து இன்னொரு மாணவி: எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிமனில் வருகிறது. ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் ஒரு வளையம் தோன்றுகிறது.

பலகையில் குறை இல்லை, விண்டோஸின் வேலை இது. பழைய பலகையின் டிரைவர் கிடந்தால் முதலில் அதை நீக்கி, கணினியை மறுபடி தொடங்கி, அதன் பிறகே புது டிரைவரைப் போடுங்கள். இரண்டு டிரைவர் ஒன்றாக இருந்தால் அழுத்தம்தான் முதலில் போகும். அடுத்து 'விண்டோஸ் இங்க்' (பேனாவின் அசைவையும் அழுத்தத்தையும் மென்பொருளுக்குச் சொல்லும் விண்டோஸின் வழி): டிரைவரிலும் வரையும் மென்பொருளிலும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். இரண்டிலும் போடுங்கள், அல்லது இரண்டிலும் எடுங்கள். கிரிட்டாவில் டேப்லெட் அமைப்புகளுக்குள் போனால் விண்டேப் என்ற பழைய வழியா, விண்டோஸ் இங்க்கா என்று தேர்ந்தெடுக்கலாம். மாற்றியபின் மூடித் திறக்க வேண்டும். வளையம், 'அழுத்திப் பிடித்தால் வலது கிளிக்' என்ற வசதி. கன்ட்ரோல் பேனலில் 'பென் அண்ட் டச்' பகுதியில் அதை அணைத்துவிடுங்கள்.

தேயிலைத் தோட்ட அலுவலர், தேவாலா: இந்தப் பேனாவை முதலில் கண்டுபிடித்தது யார்? சில பேனாவுக்கு பேட்டரி வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம், ஏன்?

கையெழுத்தைக் கம்பி வழியே அனுப்பும் ஆசை கணினியைவிடப் பழையது. 1888-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எலிஷா கிரே 'டெலாட்டோகிராஃப்' கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இங்கே பேனா அசைந்தால் மின்னோட்டம் மாறும். மறுமுனையில் இன்னொரு பேனா அதே அசைவைக் காகிதத்தில் எழுதும்.

கணினி வந்தபின் முதலில் கைக்கு வந்தது ஒளிப் பேனா. 1963-இல் இவான் சதர்லேண்ட், எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் 'ஸ்கெட்ச்பேட்' என்ற வரையும் நிரலை அதைக் கொண்டே இயக்கிக் காட்டினார். அந்தப் பேனா எதையும் எழுதுவதில்லை. பழைய குழாய்த் திரையில் ஒளிப்புள்ளி ஓடும்போது அதைப் 'பார்த்து' இடத்தைச் சொல்லும். நிமிர்ந்த திரைக்கு எதிரே கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டியதால் தோள் கடுக்கும். 1964-இல் அமெரிக்க ஆய்வு நிறுவனமான ராண்டின் பலகை அந்தத் தொல்லையைத் தீர்த்தது. மேசையில் படுத்திருக்கும் 10 அங்குலச் சதுரம். அங்குலத்துக்கு 100 கம்பி என்று குறுக்கும் நெடுக்கும் ஆயிரத்துச் சொச்சம் மெல்லிய செப்புக் கோடுகள். ஒவ்வொன்றிலும் தனித்தனி அடையாளத் துடிப்பு ஓடும். பேனா முனை அதைக் கேட்டுக்கொள்ளும். விலை சுமார் 18,000 டாலர். 1979-இல் ஆப்பிள் 650 டாலருக்கு ஒரு வரைபலகை விற்றது. இவை எல்லாவற்றிலும் பேனாவுக்கு வால் போல ஒரு வயர்.

வாலை வெட்டியது ஜப்பானின் வாகம். 1983-இல் தொடங்கிய அந்த நிறுவனம் அடுத்த ஆண்டே வயர் இல்லாத பேனாவைக் கொண்டுவந்தது. வாகமின் தந்திரம் மின்காந்த ஒத்ததிர்வு, சுருக்கமாக இ.எம்.ஆர். பலகை ஒரு நொடி கூட இல்லாத நேரத்துக்குக் காந்தப் புலத்தை வீசிவிட்டு நிறுத்தும். பேனாவுக்குள் ஒரு சுருளும் கெபாசிட்டரும் மட்டுமே. அவை அந்த ஆற்றலை வாங்கி, கோயில் மணி அடித்தபின் ரீங்கரிப்பது போல அதிர்ந்து திருப்பி அனுப்பும். அதே கம்பிகள் இப்போது காது கொடுத்துக் கேட்கும். முனையை அழுத்தினால் அதிர்வெண் சற்று மாறும். அந்த மாற்றமே அழுத்தம். பேனா பலகையிடமிருந்தே மின்சாரம் கடன் வாங்குவதால் பேட்டரி தேவையில்லை.

மற்ற நிறுவனங்கள் இதை ஏன் செய்யவில்லை? காப்புரிமை. அதைச் சுற்றிப் போக அவர்கள் பேனாவுக்குள் பேட்டரியை வைத்துத் தானே சிக்னல் அனுப்பச் செய்தார்கள். முக்கியக் காப்புரிமைகள் காலாவதியானபின், 2010களின் பிற்பகுதியில், ஹுயான், எக்ஸ்பி-பென் போன்றவற்றிலும் பேட்டரி இல்லாப் பேனா வந்தது. விலை இறங்கிய கதையும் இதுவே. ஆப்பிள் பென்சிலின் வழி வேறு: 2015-இல் வந்த அது, திரையின் தொடு உணரிக்கே சிக்னல் அனுப்புகிறது. பலகை ஆற்றல் தராததால் அதற்கு பேட்டரி இல்லாமல் முடியாது.

பறவை ஓவியர், உதகை: தலைகுந்தா, அவலாஞ்சிப் பக்கம் மூடுபனியில் உட்கார்ந்து வரைவேன். உறைபனி நாட்களில் ஐபேட் திடீரென்று அணைந்துவிடுகிறது. பேனாவும் மக்கர் செய்கிறது. எது சரிப்படும்?

மேலே சொன்ன இரண்டு வழிகளின் வித்தியாசம் உங்கள் ஊரில்தான் கண்கூடாகத் தெரியும். தொடு உணரி மின்தேக்கத்தை அளக்கிறது. பனித்துளி விழுந்த கண்ணாடியில் துளியும் விரலாகத் தெரியும். கோடு தாவும், கை வைத்த இடத்தில் புள்ளி விழும். இ.எம்.ஆர். காந்தப் புலத்தில் ஓடுவதால் மெல்லிய நீர்ப்படலம் அதைப் பாதிப்பதில்லை. கம்பளிக் கையுறையோடும் வரையலாம். ஆகவே வெளியே வரைய, இ.எம்.ஆர். வகையான எஸ் பென் உள்ள சாம்சங் டேப், மின்தாள் திரை கொண்ட ரீமார்க்கபிள் 2 போன்றவை பொருத்தம். ஐபேட்தான் என்றால் பருத்தித் துணியால் அடிக்கடி துடைப்பதும், விரல் தொடுகையால் வரைவதை மென்பொருளில் அணைப்பதும் உதவும்.

அணைந்துபோவதற்குக் காரணம் குளிர். ஐபேடின் இயங்கு வெப்பநிலை 0 முதல் 35 பாகை வரை. உங்கள் டிசம்பர், ஜனவரி விடியல் அந்த எல்லையைத் தொடுகிறது. குளிரில் லித்தியம் பேட்டரியின் உள்தடை ஏறி, வோல்ட்டேஜ் சரிகிறது. 30 சதவீதம் இருந்தும் கருவி அணைந்துகொள்ளும். சூடானதும் அந்த 30 திரும்ப வரும். ஸ்வெட்டருக்கு உள்ளே வைத்து எடுத்துப் போங்கள். உறைநிலையில் இருக்கும் பேட்டரியை மட்டும் சார்ஜில் போடவே கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும்.

குளிரைவிட வீடு திரும்பும் நேரமே ஆபத்து. கணப்பு எரியும் அறைக்குள் சில்லிட்ட கருவியைத் திறந்தால், அறையின் ஈரம் முழுக்க அதன் மேல், சில நேரம் உள்ளேயும், வியர்த்து நிற்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் வெளியிலேயே போட்டு மூடி, உள்ளே கொண்டுவந்து ஒரு மணி நேரம் திறக்காமல் வையுங்கள். வியர்வை பைக்கு வெளியே படியும்.

கேள்வி, பந்தலூர்: நூறு ரூபாய் ரப்பர் முனைப் பேனாவில் ஓவியம் பழகலாமா?

அது விரலுக்குப் பதில் ஒரு ரப்பர், அவ்வளவே. அழுத்தம் தெரியாது, உள்ளங்கையையும் முனையையும் பிரித்தறியாது. கையெழுத்துப் போடலாம்.

இல்லத்தரசி, கோடைக்கானல்: பாட்டியின் கோல நோட்டை டேப்லெட் மேல் வைத்துப் படியெடுக்கிறேன். வரைகிறது, ஆனால் முனை இரண்டு வாரத்தில் தேய்ந்துவிட்டது.

காகிதத்தின் வழியே வரைகிறது என்பதிலேயே உங்களுடையது இ.எம்.ஆர். என்று தெரிகிறது. பேனாவைச் சுமார் 10 மி.மீ. உயரம் வரை பலகை உணரும். முனை அழுந்தினால் போதும், நடுவில் தாள் இருந்தாலும் கவலையில்லை. ஆனால் காகிதம் உப்புத்தாள் போல முனையை அரைக்கும். நோட்டின் மேல் மெல்லிய ஓ.எச்.பி. தாள் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) ஒன்றை விரித்து வரையுங்கள். தாள் நகராமல் இருக்க நான்கு மூலையிலும் மாஸ்கிங் டேப். பழைய காகிதத்தில் செலோடேப் ஒட்டினால் உரியும்.

முனை ஒரு பக்கம் உளி போலச் சாய்ந்து, விளிம்பு நகத்தில் கீறினால் மாற்றும் நேரம். பெட்டியில் வந்த வளையத்தில் முனையை நுழைத்து, சாய்த்து, நேராக இழுங்கள். பல்லால் கடித்து இழுப்பவர்கள் உள்ளே இருக்கும் அழுத்த உணரியையும் சேர்த்து ஆட்டிவிடுகிறார்கள். புது முனையைத் தட்டும்வரை தள்ளுங்கள். பாதியில் நின்றால் பேனா எப்போதும் அழுத்தியபடியே இருப்பதாகப் பலகை நினைத்து, தூக்கினாலும் கோடு போடும்.

உண்மையில் கோலத்துக்கு இந்தப் பாடு வேண்டாம். உங்கள் ஊர் சூரிய ஆய்வகத்தில் நூற்றாண்டுக்கும் மேலாகக் கையால் வரைந்த சூரியப் படங்களைக்கூட, ஸ்கேன் செய்துதான் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். நோட்டை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் எடுத்து, கீழ் அடுக்கில் மங்கலாக வைத்து, மேல் அடுக்கில் வரையுங்கள். முதலில் புள்ளிகளுக்குச் சம இடைவெளிக் கட்டம் போட்டுவிட்டால் பாட்டியின் கை நடுக்கம் கோலத்தில் வராது. வர வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், கட்டத்தை விட்டுவிடுங்கள்.

சுயஉதவிக் குழு உறுப்பினர், உதகை: தோடர் புத்துக்குளி (போர்வை) எம்பிராய்டரி வடிவங்களைக் கணினியில் சேமிக்க எந்த பென் டேப்லெட் நல்லது?

எதுவும் வேண்டாம், மவுஸ் போதும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் தையல், துணியின் இழைகளை எண்ணிப் போடுவது. ஆக ஓர் இழை ஒரு பிக்சல். 200 × 200 பிக்சல் வெற்றுப் படம் திறந்து, பிரஷ்ஷை விட்டு 1 பிக்சல் 'பென்சில்' கருவியை எடுங்கள். பிரஷ் ஓரங்களை மழுக்கிச் சாம்பல் நிறம் கலக்கும். சிவப்பு, கறுப்பு, வெள்ளை மூன்றே நிறம். பி.என்.ஜி. கோப்பாகச் சேமியுங்கள், ஜேபெக் ஆக்கினால் ஓரங்கள் கசங்கும். அச்சுக்குப் பெரிதாக்கும்போது 'நியரஸ்ட் நெய்பர்' முறையில் (நிறம் கலக்காமல் பிக்சலை அப்படியே பெரிதாக்கும் முறை) சரியாக 10 மடங்கு ஆக்குங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோத்தகிரி: செல்போனில் பேனாவால் தமிழ் எழுதினால் சில எழுத்து மட்டும் எப்போதும் தப்பாக வருகிறது. படுக மொழிப் பாடல்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் அது தானே வேறு சொல்லாக மாற்றிவிடுகிறது.

ஐயா, இரண்டும் வெவ்வேறு இடத்தில் நடக்கும் தப்பு.

பள்ளியில் 247 எழுத்து என்று சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். கையெழுத்தை அறியும் நிரலுக்கு அத்தனையும் தேவையில்லை. பெங்களூரில் இருந்த எச்.பி. லேப்ஸ் இந்தியா ஆய்வாளர்கள் தொகுத்த தமிழ்க் கையெழுத்துத் தொகுப்பில் 156 வடிவங்கள்தாம். கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு ஆகியவை தனி வடிவம். 'கி', 'கு' போல ஒட்டி உருமாறுபவை ஒவ்வொன்றும் ஒரு வடிவம். சிக்கல் அடுத்தது: 'கொ' எழுதும்போது கை கொம்பு, க, கால் என்று போகிறது. யூனிகோட் முதலில் 'க'வையும் பிறகு 'ஒ'கரக் குறியையும் வைக்கிறது. நிரல் மூன்றையும் வாங்கி வரிசை மாற்ற வேண்டும். நடுவில் நீங்கள் பேனாவைத் தூக்கி யோசித்தால், அது கொம்பைத் தனியாக முடித்துவிடும்.

ஆகவே சொல் முடியும்வரை நிறுத்தாமல் எழுதுங்கள். எழுத்து ஒரு செ.மீ. உயரமாவது இருக்கட்டும். காலையும் 'ர'வையும் வேறுபடுத்த, 'ர'வின் கீழ்வாலைத் தெளிவாகச் சாய்த்து இறக்குங்கள். 'ஔ'காரக் குறியின் வலப்பாதியும் 'ள'வும் ஒன்றேதான், அங்கே சொல்லைப் பார்த்துத்தான் நிரல் முடிவு செய்யும். புள்ளியை அந்தந்த எழுத்துக்கு நேர் மேலே வையுங்கள். வேகத்தில் அடுத்த எழுத்தின் தலையில் விழுந்தால் அதற்கே சேரும்.

படுகப் பாடல் மாறுவதற்குக் காரணம், வடிவம் சந்தேகமாக இருக்கும்போது நிரல் தமிழ்ச் சொற்களின் பழக்கத்தைப் பார்த்து ஊகிக்கிறது. படுகச் சொல் அதன் பழக்கத்தில் இல்லை. கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் தமிழுக்குக் கையெழுத்து விசைப்பலகையைச் சேர்த்தபின், 'ஆட்டோ கரெக்‌ஷன்' வசதியை அணையுங்கள். அடிக்கடி வரும் சொற்களைத் தனி அகராதியில் ஏற்றிவிடுங்கள். அதற்குப் பிறகும் தவறினால், அந்தச் சொல்லை மட்டும் ஓரெழுத்து ஓரெழுத்தாக எழுதுவதே மிச்சம்.

வாசகர், பூம்பாறை: அடுத்து என்ன வரும்? இப்போது வாங்கலாமா, காத்திருக்கலாமா?

வாங்குங்கள். அழுத்தம், சாய்வு, துல்லியம் மூன்றும் கைக்குப் போதுமான அளவை எட்டிவிட்டன. 16384 என்று எண்ணை ஏற்றுவது விற்பனைக்காக. இப்போது மாறுவது வேறு இடங்கள். தாமதம் ஒன்று: ஆப்பிள் பென்சிலில் 20 மில்லிவிநாடியாக இருந்தது 2019-இல் 9 ஆனது, இதில் பாதி வித்தை, பேனா அடுத்து எங்கே போகும் என்று முன்கூட்டி வரைந்துவிடுவது. 2024-இல் வந்த பென்சில் புரோ, பேனாவைத் தன் அச்சில் உருட்டினால் தட்டைத் தூரிகை திரும்புவதை உணர்கிறது. எடையும் குறைகிறது: வாகமின் மூவிங்க் 13, திரையோடு சேர்த்து 420 கிராம்தான்.

எதிர்த்திசையிலும் நடை உண்டு. ரீமார்க்கபிள் 2-இல் பேட்டரி இல்லாப் பேனா. 2024-இல் அதே நிறுவனத்தின் வண்ணத்தாள் கருவிக்கு மறுபடி சார்ஜ் ஏற்றும் பேனா. சாம்சங்கின் மடிப்பு போனில் 2021-இல் சேர்த்த எஸ் பென் ஆதரவு 2025 மாடலில் இல்லை; இ.எம்.ஆர். அடுக்கை எடுத்துவிட்டால் போன் மெலிகிறது. ஆக, வாங்கும்போது பழைய பேனா புதிய கருவியில் வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். ஒரே பேனா பல கருவிகளில் வேலை செய்வதற்கான யூ.எஸ்.ஐ. என்ற பொதுத் தரம் 2016 முதல் இருந்தும் குரோம்புக் போன்ற சிலவற்றோடு நிற்கிறது.

உங்கள் ஊர்ப் பக்கம் பேனாவும் முனையும் கூரியரில் வந்து சேர நாளாகும் என்பதால், பலகையோடு ஒரு கட்டு முனையும், கூடுதலாக ஒரு யூ.எஸ்.பி. கேபிளும் இப்போதே சேர்த்து வாங்குங்கள். கேபிள் டேட்டா கேபிளாக இருக்கட்டும். சார்ஜுக்கு மட்டும் ஆன கேபிளில் விளக்கு எரியும், பேனா அசையாது.